ஊட்டுறீங்களா?

“கொஞ்சம் சூப் ஊட்டுறீங்களா?” என்று சக்கர நாற்காலியில் பொருத்தியிருக்கும் இயந்திரக் கையிடம் கேட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார் அவர். கை அசையவில்லை. “தொந்தரவுக்கு மன்னிக்கணும்...” என்று மறுபடியும் ஆரம்பிக்கிறார்.

வங்கியின் விசாரணை மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்த மனிதர். கத்திக்கொண்டு வந்தவர்களையும் “உட்காருங்க, பார்த்துடலாம்” என்றே சமாளித்தவர். விபத்தில் கழுத்துக்குக் கீழே எல்லாம் ஓய்ந்துபோன பிறகும் அந்த ‘ங்க’ மட்டும் ஓயவில்லை. கட்டிய மனைவியையே ‘வாங்க, போங்க’ என்றுதான் அழைப்பார். நாற்காலி சுவரில் இடித்தால் சுவரிடமும் மன்னிப்புக் கேட்பார் என்று அவள் கேலி செய்வாள்.

மூக்கு அரித்தால்கூட யாரையாவது கூப்பிட வேண்டும். கேட்டுக் கேட்டே கூசிப்போனவர். பல நாள் அரிப்பைப் பொறுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

கையைப் பொருத்த வந்த தொழில்நுட்பப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “சார், இதுக்கு நாலே வார்த்தைதான் தெரியும். எடு, ஊட்டு, தொடை, நிறுத்து. மரியாதையெல்லாம் இதுக்குப் புரியாது.”

“வேலை செய்யறவங்களை எப்படிங்க ஒருமையில...” என்று இழுத்தார் அவர்.

மனைவி மருந்தாளர். அவரைப் பார்த்துக்கொள்ள எட்டு வருடத்துக்கு முன் விட்ட வேலைக்கு மருந்துக்கடையில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று பத்து மணிக்குச் சேர வேண்டும். “நீங்க தனியா சாப்பிடறதை ஒரு தடவை கண்ணால பார்த்தாத்தான் வாசலைத் தாண்டுவேன்” என்று சொல்லிவிட்டாள். போன வாரம் முழுக்க ஒத்திகை. ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவளை வீட்டோடு கட்டிப்போட்டது தன் உடம்புதான் என்ற உறுத்தல் அவரை விடுவதேயில்லை.

மணி ஒன்பதரை. கைப்பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “விடுங்க. இன்னைக்கு வரலைன்னு போன் பண்ணிடறேன்.”

அவருடைய காது மடல் சிவக்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ஊட்டு!” என்கிறார்.

கரண்டி மெதுவாக எழுந்து வருகிறது. பாதி வாய்க்குள், பாதி மோவாயில். விழுங்குகிறார். கண்ணைத் திறந்து, “தப்பா எடுத்துக்காதீங்க” என்று கையிடம் முணுமுணுக்கிறார்.

வழக்கம்போல மனைவி கைக்குட்டையோடு குனிகிறாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். “நீங்க கிளம்புங்க” என்று அவளிடம் சொல்லிவிட்டு, “தொடை” என்கிறார்.

இயந்திரக் கை கரண்டியை வைத்துவிட்டு, ஈரத்துணியை எடுத்து, சூப்பைக் கன்னம் வரைக்கும் பூசி வைக்கிறது. அவளுடைய கை சற்று நேரம் அந்தரத்திலேயே நிற்கிறது. பிறகு கைக்குட்டையை மடித்து, பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாள்.