திரும்பி வராத தூக்குப் பாத்திரம்

எங்கள் வீட்டுத் தூக்குப் பாத்திரம் ஒன்று சமீபத்தில் காணாமல் போனது.

காணாமல் போனது என்று சொல்வது தப்பு. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மனைவி சாரதாவுக்குத் தெரியும். எங்கள் லைன் வீடுகள் அத்தனைக்கும் தெரியும். போன பாத்திரம் திரும்பி வரவில்லை — அவ்வளவுதான் விஷயம்.

இதற்கெல்லாம் பத்திரிகையில் ஒரு பக்கமா என்கிறீர்களா? அது லேசுப்பட்ட தூக்கு இல்லை. சாரதாவின் அம்மா வீட்டுச் சீர். கனமான எவர்சில்வர், மூடியில் பேர் வெட்டியது. எனக்கே அதில் ஆபீசுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததில்லை. அதில் குழம்பு ஊற்றி ஒரு வீட்டுக்கு அனுப்புகிறாள் என்றால், அந்த வீட்டின் மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் லைனைப் பற்றி ஏற்கெனவே உங்களிடம் புலம்பியிருக்கிறேன். ஒட்டி ஒட்டி வீடுகள். ஒரே ஓட்டுக்கூரை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மொத்த லைனும் தும்மும். ரகசியம் என்று ஒன்றை யாரும் அதிக நேரம் வைத்திருக்க முடியாது.

லைனின் கடைசி வீடு செல்லக்கனியுடையது. தென்காசிப் பக்கத்துப் பெண். புருஷன் முருகையா பஜார் ரோட்டு மிளகுக் குடோன் ஒன்றில் மூட்டை தூக்குகிறவன். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் குழந்தைகள். நாலு பேரும் சிரித்தபடியே இருப்பார்கள்... மழை பிடிக்கும்வரை.

மழை பிடித்த முதல் வாரம், கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து முருகையா மேல் விழுந்தன. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எழுந்து நடக்க மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு தினமும் காலையில் செல்லக்கனி படகு ஜெட்டிக்கு ஓடி, போட் பிடித்து, அக்கரை போய் அவனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருவாள். வரும்போது பாதி உயிர்தான் வரும்.

எங்கள் லைன் சும்மா இருக்குமா? பெண்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். நடுவீட்டு மேரிச் சேச்சி காலையில் புட்டும் கடலையும். மதியத்துக்குச் சாரதாவின் குழம்பு. ராத்திரிக்கு எதிர்வீட்டு நபீசாத்தாவின் மீன்கறி, சோறு. இந்த ஊரில் முஸ்லிம் அக்காக்களை இத்தா என்பார்கள். நபீசா இத்தா சுருங்கி நபீசாத்தா. தமிழ் பேசுகிற குடும்பம்தான், மலையாளத்தைத் தாராளமாகக் கலந்து பேசுவார். குரலும் தாராளம்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஒரு நாள் செல்லக்கனியின் கதவு சாத்திக்கொண்டது.

தட்டினால் உள்ளேயிருந்து, "சாப்பிட்டாச்சுக்கா" என்று குரல் மட்டும் வரும். காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெட்டிக்குப் போவாள். யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவி படம் பார்க்க மொத்த லைனும் மேரிச் சேச்சி வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும்; முன்வரிசையில் இடம் பிடிக்கும் அந்த இரண்டு குட்டிகளையும் காணோம். கொண்டுபோன சோறு திரும்பி வந்தது. ஏற்கெனவே போன பாத்திரங்கள் மட்டும் வரவில்லை.

ஆராய்ச்சி தொடங்கிற்று. மேரிச் சேச்சிக்கு உடனே காரணம் பிடிபட்டுவிட்டது — தேங்காய் எண்ணெய்! பாண்டி நாட்டுப் பெண்ணுக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளே நல்லெண்ணெய் வாங்கி அதில் தாளித்துக்கொண்டு போனார். கதவு திறக்கவில்லை. நபீசாத்தாவுக்கு வேறு கவலை: முஸ்லிம் வீட்டுச் சமையலைச் சாப்பிட அந்தப் பெண்ணுக்குச் சங்கடமோ என்னவோ. சமைத்ததை நிறுத்திவிட்டு அரிசியும் காயுமாகக் கொண்டுபோய் நின்றார். அதற்கும் திறக்கவில்லை.

சாரதாவின் முடிவு ஒரே வார்த்தை. "திமிர்."

"இருக்கட்டுமே, ரோஷக்காரி" என்றேன்.

"ரோஷம் இருக்கிறவ பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? அது எங்கம்மா வாங்கிக் கொடுத்தது."

எனக்கு அந்த அம்மாளைப் பற்றிய பேச்சு வந்தாலே பேப்பர் படிக்கும் ஆர்வம் வந்துவிடும். விரித்துக்கொண்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. உள்ளே இரண்டு குழந்தைகள் இருக்கின்றனவே, அதுகள் என்ன சாப்பிடுகின்றன?

நபீசாத்தா அதிகம் ஆராய்ச்சி செய்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடம் லீவான ஒரு நாள் மத்தியானம் லைனைச் சுற்றிக்கொண்டு போய், கடைசி வீட்டின் பின்கதவைத் தள்ளினார். அது எப்போதும் தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. உள்ளே போய்விட்டார். நடந்ததை அன்று சாயங்காலம் குழாயடியில் அவரே சொல்ல, நான் சவரம் செய்துகொண்டே கேட்டேன். அவர் சொல்லி முடிக்கும் வரை பிளேடு பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது.

அடுப்பங்கரைத் தரையில் ஒரு பழைய சேலையை விரித்து, அதன் மேல் எங்கள் பாத்திரங்கள் எல்லாம் கவிழ்த்து வைத்திருந்ததாம். மேரிச் சேச்சியின் புட்டுத்தட்டு, நபீசாத்தாவின் சட்டிகள், சாரதாவின் தூக்கு. ஒவ்வொன்றும் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று. அடுப்பில் நெருப்பில்லை. குழந்தைகள் பொட்டுக்கடலையைத் தின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் அதுகளின் துணிகள் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது.

இது என்ன மூட்டை என்று கேட்டார் நபீசாத்தா. ஊரில் தூரத்துச் சொந்தம் ஒருத்தர் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள் செல்லக்கனி. அப்பா எழுந்து நடக்கிற வரைக்கும். பள்ளிக்கூடம்? மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கினாளாம்.

"எந்தா மோளே, நாங்க இத்தனை பேர் இங்க இல்லையா? எதுக்குக் கதவை அடச்சே?"

செல்லக்கனி கவிழ்த்து வைத்த பாத்திரங்களைக் காட்டினாளாம்.

"வெறும் பாத்திரத்த எப்படி இத்தா திருப்பிக் குடுக்க? எங்க அம்மா மோர் வாங்குன சொம்பக்கூட ரெண்டு வத்தலாவது போட்டுத்தான் குடுப்பாவ. எங்கிட்ட போட்டுக் குடுக்க ஒண்ணுமே இல்லியே. இதுகளத் தேச்சுத் தேச்சு வச்சிட்டுத்தான் இருக்கேன். இன்னும் வாங்கினா இன்னும் சேருமேன்னுதான்..."

அவ்வளவுதான் சங்கதி. தேங்காய் எண்ணெயும் இல்லை, மதமும் இல்லை, திமிரும் இல்லை.

இதைக் கேட்ட சாரதா குழாய்க்கடியில் வைத்த குடத்தை அப்படியே விட்டுவிட்டாள். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடத் தோன்றவில்லை அவளுக்கு. ஏன் தெரியுமா? அண்டை வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதவள் அவள். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு சிட்டிகைச் சர்க்கரையாவது போட்டால்தான் அவளுக்குக் கை வரும். அதே பழக்கம் கடைசி வீட்டுக்காரிக்கும் இருக்கும் என்று ஏன் தோன்றவே இல்லை? எனக்கும்தான் தோன்றவில்லை. எழுதுகிறவன் என்று பேர்!

சரி, நபீசாத்தா என்ன செய்தார்? ஆறுதல் சொன்னாரா? பரவாயில்லை, வெறுமனேயே கொடு என்றாரா? இரண்டும் இல்லை. சண்டைக்குப் போனார்.

கடைசி வீடு என்பதால் செல்லக்கனிக்குப் பின்னால் ஒரு துண்டு மண் உண்டு. முருகையா இந்த ஊருக்கு வந்த புதிதில், ஊரிலிருந்து பால்பவுடர் டப்பாவில் கொண்டுவந்து வைத்த ஒரு கறிவேப்பிலைக் கன்று அங்கே ஆள் உயரம் தாண்டி நிற்கிறது. எங்கள் மற்ற வீடுகளுக்கு மண்ணும் கிடையாது, மரமும் கிடையாது. கொத்துமல்லி, கறிவேப்பிலை எல்லாம் சந்தைதான்.

"நான் வாடின இலைக்குச் சந்தையில அலையறேன். உன் பறம்புல காடு மாதிரி நிக்குது. ஒரு கொத்து போட்டுத் தர உனக்குக் கை வரலை, அல்லே?" என்று கேட்டாராம் நபீசாத்தா.

செல்லக்கனிக்கு ஒன்றும் புரியவில்லை. "இலையப் போயா போட்டுக் குடுக்க?"

"இலை இல்லாம மீன்கறி வைக்க நான் என்ன ஆஸ்பத்திரி குக்கா? எடு அந்தச் சட்டியை. நிறையப் பறிச்சுப் போடு. எனக்கு இப்போ வேணும்."

அழுதுகொண்டே பறித்தாளாம். அழுகையோடு கொஞ்சம் சிரிப்பும் இருந்தது என்று நபீசாத்தா சொல்கிறார். நம்புகிறேன்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வாசலில் செல்லக்கனி வந்து நின்றாள். கையில் அந்தத் தூக்கு. மூடியைத் திறந்தால் வாசனை ஹால் முழுக்க. ஈரம் காயாத கறிவேப்பிலை, திணித்து வைத்திருந்தது. சாரதா அதை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் அதே தூக்கில் சுடச்சுட ரசத்தை ஊற்றி மறுபடி அவள் கையில் கொடுத்தாள். இந்த முறை அவள் அதைச் சாதாரணமாக வாங்கிக்கொண்டு போனாள். அந்தத் துணி மூட்டையும் அவிழ்க்கப்பட்டுவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் குட்டிகள் இரண்டும் என் காலை மிதித்துக்கொண்டு முன்வரிசைக்குப் போயின.

எனக்குத்தான் யோசனை விடவில்லை. பஜார் ரோட்டில் ஒரு லாரி நுழைந்துவிட்டால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது, பார்த்திருக்கிறீர்களா? எங்கள் அன்பும் அந்த லாரி மாதிரிதான் போயிருக்கிறது. நல்ல சரக்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் எதிரே வருகிறவள் எங்கே ஒதுங்குவாள்? கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை நாங்கள் எல்லாரும் பங்கு போட்டு அனுபவித்தோம். அவளுக்கு ஒரு பங்கும் வைக்கவில்லை.

கஷ்டத்தில் இருப்பவரிடம் போய், 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்க நம் எல்லாருக்கும் வருகிறது. 'எனக்கு ஒண்ணு வேணும், உன்கிட்டதான் இருக்கு' என்று கேட்க? நபீசாத்தாவுக்கு வந்தது. அதைவிடப் பெரிய பிரியத்தை நான் இந்த ஊரில் பார்க்கவில்லை.

முருகையாவை இப்போது கட்டிலில் உட்கார வைக்கிறார்கள். அடுத்தது கோல் பிடித்து நடை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். லைன் முழுக்க அவன் மரத்து இலையைத் தின்கிறது என்று தெரிந்ததும், நான் வருவதற்குள் மரத்தை மொட்டையடித்துவிடாதீர்கள் என்று சொல்லியனுப்பினான். கவலைப்படாதே முருகையா, பறிக்கப் பறிக்கத் துளிர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது கறிவேப்பிலைத் துவையல், கறிவேப்பிலைப் பொடி, கறிவேப்பிலைக் குழம்பு. மேரிச் சேச்சி தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில்கூடப் போட்டுக் காய்ச்சுகிறார் — அதே தேங்காய் எண்ணெய்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடும்போது கறிவேப்பிலையைத் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைக்கிற பழக்கம் எங்கள் லைனில் இப்போது யாருக்கும் இல்லை.