ஒண்ணு விழுந்தா ஆறு விழாது

நசீமாவும் நானும் ராமநாதபுரத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். திருப்புல்லாணிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை காலி என்று கேள்விப்பட்டு, இருவரும் சேர்ந்தே போனோம். இருந்தது ஒரே இடம்.

பத்தாம் வகுப்பில் ஆளுக்கொரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். நான் திக்கித் திணறி முடித்தேன். அடுத்து நசீமாவுக்கு நிகழ்தகவு வந்தது. பகடையை மேஜையில் உருட்டிக்கொண்டே, "ஒண்ணு விழுந்தா ஆறு விழாது. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்னா இதுதான்" என்றாள். பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்குக் கிடைத்தால் எனக்கில்லை. ஒரு வார்த்தையாவது தடுமாற மாட்டாளா என்று காத்திருந்தேன்.

ஒரு சிறுமி எழுந்தாள். "ரெண்டுமே விழாமப் போனா, டீச்சர்?"

"போகலாம்மா. நாலு விழலாமில்ல?" என்று சிரித்தாள் நசீமா.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். வேலை, எங்களுக்குப் பிறகு பாடம் நடத்திய பரமக்குடிக்காரருக்கு. நசீமாவுக்கு இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எனக்கும் இல்லை என்பது அதற்குப் பிறகே உறைத்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உனக்காச்சும் கெடச்சிருக்கலாம்டி. உங்க அய்யா முடியாமக் கெடக்குற நேரத்துல..."

அவள் வீட்டுக் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று முழுவதும், அவளுக்காவது கிடைக்கட்டும் என்று என் மனசில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.