ஒரு பிளாஸ்டிக் பை கூட இல்லாமல்

பிள்ளைகளே, உங்கள் பெரியக்காவின் கல்யாணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் தலை சூடாகிறது. நீங்கள் அன்றைக்கு மண்டபத்தில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள். சமையல்கட்டில் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

மழை பெய்தால் நம் வீட்டு முன்னால் இருக்கிற லோங்காங், அந்தச் சாக்கடை, அடைத்துக்கொண்டு அழுக்குத் தண்ணீர் வாசல் வரை ஏறும். குச்சியை விட்டுக் குத்தி இழுக்கிறவன் நான். வருவதெல்லாம் பிளாஸ்டிக் பை. அதைப் பார்த்தே வளர்ந்த உங்கள் அக்கா, கல்யாணம் நிச்சயமானதும் சொன்னாள்: "அப்பா, என் கல்யாணத்துல ஒரு பிளாஸ்டிக் பை கூட இருக்கக்கூடாது. இருந்தா மணவறையில உட்கார மாட்டேன்."

நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

வாழை இலைக்குச் சொல்லியாயிற்று. தண்ணீர் குடிக்க மண்டபத்து சில்வர் டம்ளர் இருந்தது. மணவறைக்குப் பின்னால் வெள்ளை நுரை அட்டையில் பெண், மாப்பிள்ளை பெயரை வெட்டி ஒட்டுவார்களே, அதுவும் வேண்டாமாம். தென்னை ஓலை கட்டினோம். "என்னண்ணே, கல்யாணமா, கோயில் திருவிழாவா?" என்று உங்கள் அத்தை கிண்டல் செய்தாள். பொறுத்துக்கொண்டேன்.

சிக்கலெல்லாம் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதில்தான். நம் ஊர்க் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் சும்மாவா கிளம்புகிறார்கள்? வீட்டில் இருப்பவர்களுக்கென்று சாம்பார், பாயசம் எல்லாம் பையில் ஊற்றி, ரப்பர் வளையம் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளை வீட்டாரோ தாசேக் கெலுகோரிலிருந்து பஸ் வைத்து வருகிறவர்கள். சம்பந்தியம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்:

"பிளாஸ்டிக் வேணாம்னா வேணாம் லா. ஆனா எங்க சனம் வெறுங்கையோட திரும்பினா, அந்தப் பேச்ச உங்க பொண்ணுதான் எங்க வீட்ல உட்கார்ந்து கேக்கணும்."

அதை அப்படியே உங்கள் அக்காவிடம் போய்ச் சொன்னேன். பிடிவாதம் இங்கே பிடிக்கலாம். போய் வாழப்போவது அந்த வீட்டில் அல்லவா? உங்கள் அக்கா அசரவில்லை. பத்திரிகையின் அடியில் ஒரு வரி போடச் சொன்னாள். 'வீட்டுக்கு உணவு எடுத்துச் செல்ல விரும்புவோர் தூக்குச்சட்டி கொண்டுவரவும்.' அச்சகத்துக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கல்யாணத்தன்று, தண்ணீர்மலைப் பக்கத்து மண்டபத்தின் வாசலில் நின்று பார்க்கிறேன், வருகிறவர்கள் கையில் எல்லாம் தூக்குச்சட்டி! என் மகள் கெட்டிக்காரி என்று நெஞ்சு நிமிர்ந்தது. முதலில் வந்த அம்மாவிடமிருந்து சட்டியை வாங்கினேன். கை கீழே இறங்கியது. அவ்வளவு கனம். திறந்தால் வாய் வரைக்கும் சீனி.

"என்னம்மா இது?"

"கல்யாண வீட்டுக்கு வெறும் பாத்திரத்தத் தூக்கிட்டு வருவாங்களா அண்ணே? நல்லா இருக்குமா?"

அடுத்ததில் அரிசி. அதற்கடுத்ததில் சீனி. பின்னால் வந்ததில் லட்டு. ஒருவர் கூடக் காலிச்சட்டியோடு வரவில்லை. அட, மங்கலமான இடத்துக்கு வெறும் பாத்திரம் ஆகாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. பத்திரிகை அடித்தபோது ஒருவருக்காவது நினைவு வந்ததா?

தாலி கட்டி, பந்தி முடிந்தது. சமையல்காரர் அகப்பையோடு வந்து நின்றார். "அண்ணே, சாம்பார எதுல ஊத்த? சீனி மேலயா?"

வெளியே மாப்பிள்ளை வீட்டு பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். கடல் தாண்டுகிற பட்டர்வொர்த் பெரிக்கு வரிசை நீண்டுவிடுமாம். உங்கள் அத்தை மெதுவாகக் கைப்பையைத் திறந்து ஒரு கட்டு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். "அவசரத்துக்கு உதவுமேன்னு கொண்டாந்தேன். சீனிய இதுல கட்டிடலாம்."

"உள்ள வை அத!" என்று கத்தினேன். அதற்குள் பட்டுப்புடவையும் மாலையுமாக உங்கள் அக்கா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அத்தை, அந்தப் பைய விரிச்சா நான் பஸ்ல ஏற மாட்டேன்."

"ஏறாட்டி இங்கேயே பாத்திரம் கழுவுடி!" என்றாள் அத்தை.

இரண்டு பேருக்கும் நடுவில் நான். சோறு வடித்த அண்டாக்கள் காலியாகக் கிடந்தன. அவற்றைத் துடைத்து, ஒன்றில் அரிசி, ஒன்றில் சீனி, லட்டுக்கு வாழை இலை என்று கொட்டச் சொன்னேன். கோபத்தில் இருந்த அத்தை சட்டி சட்டியாகத் திறந்து மடமடவென்று கவிழ்த்தாள். கழுவிய சட்டிகளில் சமையல்காரர் சாம்பாரை ஊற்றினார். எந்த மூடி எந்தச் சட்டிக்கு என்று நான் முட்டிமோதிக்கொண்டிருந்தேன். வேட்டியெல்லாம் சாம்பார்.

கடைசியாக சம்பந்தியம்மா பஸ் படியில் நின்று, தன் சட்டியைத் திறந்து பார்த்தார்.

"முருங்கைக்காய் நெறையவே போட்டிருக்கீங்க. சரி" என்று ஏறிக்கொண்டார்.

அப்பாடா என்று இருந்தேன். மறுநாள் காலை, அண்டாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்த சீனியைப் போட்ட தேத்தண்ணியை வாயில் வைத்தேன், துப்பினேன். கரிப்பு! யாரோ ஒருவர் சட்டியில் தூள் உப்பு கொண்டுவந்திருக்கிறார். அத்தை அதையும் சீனி அண்டாவில் கவிழ்த்திருக்கிறாள். மறுவீட்டுக்கு வந்த உங்கள் அக்காதான் சொன்னாள். "எங்க மாமியாருதாம்பா. சம்பந்தி வீட்டுக்கு முதல்ல உப்புதான் போகணும்னு கொண்டாந்தாங்க."

"கொட்டித் தொலைக்கிறேன்" என்று அண்டாவைப் பிடித்தேன்.

"எங்க கொட்டுவீங்க? லோங்காங்லயா?"

அவ்வளவுதான், அண்டாவைத் திரும்ப இறக்கி வைத்தேன். அதனால்தான் பிள்ளைகளே, அந்த வருஷம் முழுக்க நம் வீட்டில் வந்தவர் போனவருக்கெல்லாம் எலுமிச்சைச் சாறு. அதற்கு மட்டும்தான் உப்பும் சீனியும் சேர்ந்து ஒத்துப்போயின.

சம்பந்தியம்மா வந்தபோதும் அதையேதான் கொடுத்தோம். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி."