ஏழாம் அறையின் சிவப்பு அம்புகள்

பெருமாநல்லூரில், போக்கிடம் இல்லாத பெண்களுக்கு ஆளுக்கோர் அறை கொடுக்கும் அறக்கட்டளையில் நான் மேற்பார்வையாளராக இருந்தேன். பேருந்து நிலையத்தில் பல மாதம் படுத்துக் கிடந்த அம்மா ஒருவரை ஏழாம் அறையில் சேர்த்தோம். பனியன் கம்பெனியில் வெகுகாலம் செக்கிங் வேலை பார்த்தவர். தைத்து வந்த பீஸில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார்களே, அந்த வேலை. மிச்சமிருந்த ஸ்டிக்கர்களை அவர் பையிலேயே வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் வழக்கம்போலக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒழுகும் குழாயில் ஓர் அம்பு, ஜன்னல் கண்ணாடியின் விரிசலில் ஒன்று, ஆடும் கட்டில் காலில் ஒன்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"பஸ் ஸ்டாண்டுல எத்தனை ஸ்டிக்கர் ஒட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"அது என்ற ஊடு இல்லீங்களே," என்றார் அவர்.

வெளியே போகத் திரும்பியபோது, கதவின் உட்பக்கத்திலும் ஓர் அம்பு தெரிந்தது. அங்கே வெறும் பலகைதான் இருந்தது. விரிசல்கூட இல்லை.

"இங்க என்னங்க குறை?"

"தாப்பாள் இல்லீங்க."

எல்லா அறைக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. உள்ளே வேண்டாம், அதுதான் பாதுகாப்பு என்று தச்சரிடம் சொன்னது நான்தான்.