வெளிச்சம் குடிக்காத கோடு

அவன் சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும். படித்தது கட்டடப் பொறியியல். விடுதி அறைக்கு வந்த முதல் நாளே இரண்டு கட்டிலுக்கும் நடுவே இருந்த இடத்தை அளந்து, "உன் பக்கம் ரெண்டு இஞ்சு அதிகம்டா" என்று என் கட்டிலை நகர்த்தினான். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் இஞ்சு. எங்கள் இருவர் வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நாங்கள்தான். இதை யாரிடமும் சொல்லத் தவறியதில்லை, கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவோம்.

இஞ்சுவின் அப்பா கொத்தனார். வேலையிடத்தில் தலைக்கவசத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கல் வைப்பவருக்கு மஞ்சள், கை நீட்டிக் காட்டும் இஞ்சினியருக்கு வெள்ளை. முப்பது வருடம் மஞ்சளே போட்ட மனிதர், மகன் மூன்றாம் வருடம் ஏறியதுமே ஒரு வெள்ளைத் தலைக்கவசம் வாங்கி, உறை பிரிக்காமல் அலமாரி மேல் வைத்திருந்தார்.

கல்லூரி நாடகக் குழுவுக்கு இஞ்சு போனது நடிப்பதற்காக அல்ல. நாற்காலி எங்கே, கதவுச் சட்டம் எங்கே என்று மேடையில் அளந்து குறிக்க அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. விளக்கெல்லாம் அணைந்தபின் நடிகர்கள் இருட்டில் நடக்க வேண்டுமே, அதற்காகத் தரையில் ஒருவகை டேப் ஒட்டுவார்கள். இருட்டில் இளம்பச்சையாக மினுங்கும். ஆனால் அது சும்மா மினுங்காது. முதலில் கொஞ்ச நேரம் வெளிச்சம் குடித்திருக்க வேண்டும்.

அந்த வருட நாடகம், காணாமல் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. தாயாக நடித்தவள் விலங்கியல் மாணவி. எட்டு ஊருக்குக் கேட்கும் குரல் என்பதால் குழுவில் அவளுக்கு மாமியார் என்று பெயர். கடைசிக் காட்சியில் முழு இருட்டு. தாய் நாற்காலியிலிருந்து எழுந்து ஏழு அடி நடந்து மேடை விளிம்பில் இருக்கும் கோட்டில் நிற்பாள். அவள்மேல் ஒரே ஒரு விளக்கு விழும். வசனம் கிடையாது, இசை கிடையாது. சின்னச் சத்தம்கூடக் கூடாது என்று மூன்று வாரம் பழக்கியிருந்தார் இயக்குநர்.

நாடகத்தன்று காலையில் இஞ்சு புதுக் கோடு ஒட்டினான். நாற்காலி போட வந்தவர்கள் செருப்புக் காலோடு மேடையில் குறுக்கும் நெடுக்கும் போனார்கள். கோடு உரிந்துவிடுமே என்று ஒரு கறுப்புத் துணியை அதன் மேல் விரித்து, நான்கு மூலையும் ஒட்டி மூடினான். கடைசிக் காட்சிக்கு விளக்கு அணைந்ததும் தவழ்ந்து போய்த் துணியை உருவினான். கோடு மினுங்கவில்லை. காலையிலிருந்து அது ஒரு சொட்டு வெளிச்சம் குடிக்கவில்லை.

அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். அவன் கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தும் விட்டான். ஆனால் கத்தவில்லை.

கோடு கண்ணில் படாததால், இன்னும் வந்து சேரவில்லை என்று நினைத்து அவள் எட்டாவது அடி வைத்தாள். கீழே விழுந்தவளும் கத்தவில்லை. காட்சி கெட்டுவிடக் கூடாதாம். கையால் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். விளக்கு காலி இடத்தில் விழுந்தது. தாயும் காணாமல் போய்விட்டாள் என்று பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.

அவளுக்குக் காலில் இரண்டு முறிவு. இஞ்சு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. நாடகக் குழுவுக்கும் போகவில்லை. தகரக் கூரையில் மழை இறங்கினால் காதைப் பொத்திக்கொள்வான். உணவுக்கூடத்தில் எண்ணெய் படபடத்தால் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

"என்னடா கேக்குது உனக்கு?"

"கை தட்டுறாங்கடா."

எங்கள் அறையில் அவன் கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு அடி. ஆறாவது அடியில் நின்று, கையை நீட்டிக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான்.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. கடைசிப் பரீட்சை முடிந்தது. இஞ்சுவுக்கு ஒரு கட்டுமான நிறுவனத்திலிருந்து வேலைக் கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வியாழக்கிழமை நூலகப் படிக்கட்டில் எங்களை மறித்தாள் மாமியார். கையில் ஊன்றுகோல்.

"ஏன்டா, மொத்த காலேஜும் வந்து என்னைப் பாத்துச்சு. நீ மட்டும் வரல. மாமியார் மேல அவ்வளவு கோவமா?"

அவன் விலகி இறங்கப் பார்த்தான்; அவள் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினாள்.

"நம்ம டைரக்டர் அண்ணன் சொந்தமா குழு ஆரம்பிச்சிருக்காரு. அதே நாடகத்தோட ஊர் ஊரா போறோம். நான் இருட்டுல நடந்து காட்டினாதான் எனக்கு அந்த வேஷம். நாளைக்குக் காலைல பத்து மணி. கோடு ஒட்டு."

"வேற யாரையாவது கேளு."

"வேற எவனையும் நான் நம்பறதா இல்ல."

"என்னை நம்பித்தானே விழுந்த?"

"அதனாலதான்டா. அந்தத் தப்பு இனிமே உனக்கு வருமா? புதுசா ஒருத்தன் வந்தா, அவன் முதல்லேருந்து கத்துக்கணும். எனக்கு இருக்கிறதே ரெண்டு காலு."

வெள்ளிக்கிழமை அரங்கத்தின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினோம். இஞ்சு கோட்டை ஒட்டி, மேலே டார்ச்சைப் பிடித்தபடி கால்மணி நேரம் மண்டியிட்டிருந்தான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இயக்குநர் கைகாட்டினார், நான் விளக்கை அணைத்தேன். கோடு மினுங்கியது.

ஊன்றுகோல் சத்தம் மட்டும் கேட்டது. நான் எண்ணினேன். ஐந்து. ஆறு. ஏழு. பிறகு சத்தமே இல்லை. விளக்கைப் போட்டேன்.

அவள் கோட்டின் மேல் நின்றிருந்தாள். கீழே, அன்று அவள் விழுந்த அதே இடத்தில், இரண்டு கையையும் விரித்தபடி இஞ்சு நின்றிருந்தான். எப்போது இறங்கிப் போனான் என்று தெரியவில்லை.

"தள்ளிப் போடா. நான் விழுந்தா நீ சப்பாத்தி ஆயிடுவ."

அவன் நகரவில்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது. "அடுத்த ஊர் மேடை விளிம்பு எத்தனை அடி உயரம்?" என்று கேட்டான்.

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"அப்ப முன்னாடியே போய் அளக்கணும்."

அன்று மாலையே அப்பாவுக்குப் போன் செய்து, வேலையில் சேரவில்லை, குழுவோடு போகிறேன் என்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கொத்தனார் குரல் போனை மீறி எனக்கும் கேட்டது.

"எவளோ இருட்டுல நடக்கறதுக்கு நீ கோடு ஒட்டப் போறியா? இதுக்கா நாலு வருஷம் படிச்ச?"

"நான் போயிட்டா அதை யாருப்பா ஒட்டுவா? எவனோ ஒட்டுவான். அவன் ஒழுங்கா ஒட்டினானான்னு நான் ஆயுசுக்கும் நினைச்சுக்கிட்டே கெடக்கணும்."

மறுமுனையில் தலைக்கவசத்தின் உறை சரசரத்தது.

"அங்க தலைக்கு ஏதாவது போடுவாங்களா?"

"மேல விளக்கு மாட்டும்போது போடணும்பா."

"அப்ப வந்து இதை எடுத்துட்டுப் போ. இங்க தூசி படிஞ்சு கெடக்கு."

எட்டு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் நானிருக்கும் ஊருக்கு அந்தக் குழு வந்தது. நாடகம் தொடங்குமுன் மேடைக்குப் போனேன். இஞ்சுவின் வெள்ளைத் தலைக்கவசத்தில் கீறல்கள், அடிபட்ட வடுக்கள். மண்டியிட்டு ஒவ்வொரு கோட்டுக்கும் டார்ச்சால் வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தான். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பொறுமை. என்னோடு பேசும்போதும் கண்ணை எடுக்கவில்லை.

கடைசிக் காட்சியில் இருட்டு கவிந்தது. பக்கத்திரைக்குள் அவன் அருகே நின்று ஏழு வரை எண்ணினேன். விளக்கு விழுந்தது. கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அவனைக் காணோம். பின்கதவுக்கு வெளியே, சுவரைப் பார்த்து, காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"இன்னுமாடா?" என்றேன், அவன் கையை விலக்கி.

"நிக்கறாளா பாரு."

"கை தட்டறாங்களேடா."

"அன்னைக்கும் தட்டினாங்க. நீ போய்ப் பாத்துட்டு வா."

உள்ளே போனேன். வெளிச்சத்தின் நடுவில், கோட்டைத் தாண்டாமல், அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, "நிக்கறா" என்றேன்.

அப்புறம்தான் அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, விளக்குகளைக் கழற்ற உள்ளே போனான்.