சத்தம் வராத கம்ப்யூட்டர்

மகளுக்கு வாங்கிய புது ஷூ பெட்டியைத் திறந்ததும் தோலும் பசையும் கலந்த வாசனை வந்தது. எஸ்தர் அக்காவின் கை வாசனை. ஆம்பூரில், சாலையை அகலப்படுத்த இடித்துவிட்ட எங்கள் வாடகை வீட்டில், அவள் வேலை பார்த்த ஷூ கம்பெனி ஆபீசில் கழித்துவிட்ட விண்டோஸ் 98 கம்ப்யூட்டர் இருந்தது. படம் ஓடும், சத்தம் வராது. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து வந்ததும் சத்தம் வரவைக்கிற சவுண்ட் கார்டு டிரைவர் சிடியை எடுத்து, ஷூவுக்குப் பளபளப்பு ஏற்றுகிற மாதிரியே தோல்துண்டால் வட்டவட்டமாகத் தேய்த்துப் போடுவாள். தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் ஜாஸ்தியானது, டிரைவர் பாதி ஏறி நின்றுவிடும்.

"இன்னாடா, இதுக்கு வாயே இல்ல. வுடு, நான் பேசறேன்."

எங்களிடம் இருந்த ஒரே படத்தில் கதாநாயகன், கதாநாயகி, மழை, நாய், வயலின் எல்லாவற்றுக்கும் அவளே குரல் கொடுப்பாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். கடைசிவரை டிரைவர் ஏறவில்லை. அவள் குரலும் எதிலும் பதிவாகவில்லை.

இன்று அந்தப் படத்தைப் போனில் தேடிப் போட்டேன். சத்தம் துல்லியமாக வந்தது. யார் யாரோ பேசினார்கள். சத்தத்தை நிறுத்தினேன். கதாநாயகி வாயைத் திறந்தாள். காத்திருந்தேன்.