கட்டம் போட்ட கங்கையம்மா

தேதி இல்லாத கையெழுத்து எனக்குப் பாதிக் கையெழுத்துதான். இது பிறவிக் குணமல்ல. ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் என் வேலைக்காலம் முழுவதும் கப்பல் சரக்குக் காகிதங்களோடு கழிந்தது. அங்கே கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லையென்றால் காகிதம் போன வேகத்தில் திரும்பி வரும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளை நான் காலண்டரில் குறிப்பதை என் மனைவி பொறுத்துக்கொள்வாள். ஊறுகாய் ஜாடியில் தேதி ஒட்டியதைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதனால் ஓவியர் விஷயத்தில் எனக்கு இருந்த குறை மற்றவர்களுக்குப் புரியாது. வார இதழ்களின் தொடர்கதைகளுக்கு நெடுங்காலம் படம் வரைந்தவர் அவர். கதை மறந்துபோனாலும் அவர் வரைந்த பெண்களின் கண்கள் மறக்காது. அந்தப் படங்களை ஒரு சிறு பதிப்பகம் எட்டுத் தொகுதிகளாகக் கொண்டுவந்திருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியும் புத்தகக் கண்காட்சியில் அந்தப் பதிப்பகத்தின் ஸ்டாலில் அவர் ஒரு மாலை உட்காருவார். எண்ணூரிலிருந்து நான் போவேன். வரிசையில் நிற்பேன். அவர் கையெழுத்துப் போடுவார். நான் கேட்பேன்: "சார், கீழே தேதி?"

ஒரு வருஷம், "நான் என்ன செக்கா குடுக்கறேன்?" என்றார். இன்னொரு வருஷம், "தேதி போட்டா படத்துல இருக்கிற பொண்ணுக்கு வயசாயிடுங்க" என்றார். மற்றொரு வருஷம் தலையை நிமிர்த்தாமலே, "வந்துட்டாரா தேதிக்காரரு!" என்று பக்கத்தில் இருந்த பதிப்பாளரிடம் சொன்னார். ஓவியரிடம் ஒரு பட்டப்பெயர் வாங்குவதும் ஒரு கௌரவம்தான் என்று விம்கோ நகர் வரை மெட்ரோவில் என்னை நானே சமாதானம் செய்துகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, அவர் கையெழுத்துக்குக் கீழே பென்சிலால் லேசாகத் தேதியை நானே எழுதினேன். என்னிடம் இருந்த எல்லாத் தொகுதிகளிலும் அப்படித்தான். ஆனால் நான் எழுதிய தேதி, நான் எழுதிய தேதிதானே.

முதல் தொகுதி மட்டும் என்னிடம் இல்லாமல் இருந்தது. பதிப்பகத்திடமே பிரதி கிடையாது. சென்ற வருஷம் ஆகஸ்டில் ஒரு பழைய புத்தகக் கடையில், சமையல் புத்தகங்களுக்கு அடியில், அது கிடைத்தது. கையெழுத்து இல்லாத சுத்தமான பிரதி. அதே வாரம் பதிப்பாளர் போனில் சொன்னார்: வரும் ஜனவரியோடு சரி, இனிமேல் ஓவியர் ஸ்டாலில் உட்காரப்போவதில்லை, மகளோடு இருக்கக் கோவைக்குக் குடிபோகிறார். எனக்கு மிச்சம் இருந்தது ஒரு மாலை. முதல் தொகுதியில் அவர் கையெழுத்தும், அவர் கையாலேயே ஒரு தேதியும். அதைத் தவிர வாழ்க்கையில் எனக்கு அப்போது வேறு லட்சியம் இல்லை என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது மிகையில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் அலமாரியைத் திறந்தேன். எங்கள் பகுதியில் புத்தகம் வைத்திருப்பதே ஒரு போராட்டம். ஒரு பக்கம் கடல் காற்றின் உப்பு, மறுபக்கம் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி. ஒவ்வொரு தொகுதியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். முதல் தொகுதியின் உறையில் நீல பெயின்டில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

உறையைப் பிரித்துப் பக்கங்களைப் புரட்டினேன். நடுவில், கடற்கரையில் கூந்தல் பறக்க ஒரு பெண் நிற்கும் முழுப்பக்கப் படம் உண்டு. அந்தப் படத்தின் மேல், மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும், பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. ஓரங்களில் எண்கள். பெண்ணின் நெற்றியை ஒரு கோடு நேராக வகிர்ந்துகொண்டு போயிற்று.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"அதுவா? பக்கத்து வூட்டுக்காரரு கேட்டாரு. படகுல படம் வரையணுமாம். ரெண்டு நாள்ல குடுத்துட்டாரே."

"படகில் வரைய என் புத்தகமா?"

"பின்ன? அலமாரில சும்மாதான கெடந்துச்சி. அது இன்னா, நகைப் பொட்டியா, பூட்டி வெக்க?"

பக்கத்து வீட்டுக்காரர் மீனவர். முகத்துவாரக்குப்பத்தில் அவருடைய படகு நிற்கும். புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தார். அதன் முகப்பில், கடலில் காவல் நிற்கும் கங்கையம்மா படம் வரைய வேண்டும் என்று ஆசை. படகுக்குப் படம் எழுதும் பெயின்டர், பார்த்து வரைய ஏதாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சின்னப் படத்தைப் பெரிதாக்க அவர்களிடம் ஒரே வழிதான்: மூலப் படத்தின் மேல் கட்டம் போட்டு, படகிலும் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நகல் எடுப்பது. காலண்டர் படம் என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இதுவும் ஒரு காலண்டர் மாதிரிதான் என்று அவர் நினைத்துக்கொண்டார் போலும்.

ரப்பரால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். பேனா அழியவில்லை. கடல் கொஞ்சம் அழிந்தது. நிறுத்திக்கொண்டேன்.

அன்று மாலை வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற? அக்கா சொன்னாங்க. கட்டம் போட்டது தப்பா?"

"அது ஓவியர் புத்தகங்க. நாளைக்கு அவரிடம் கையெழுத்து வாங்கணும். இதை எப்படிக் காட்டுவேன்?"

"அந்தப் படம் வரைஞ்சவரா? உசுரோட கீறாரா?" அவர் கண்கள் விரிந்தன. "சார், நானும் வரேன். எங்க கங்கையம்மாவ வரைஞ்ச மனுசன நான் ஒரு தபா பாக்கணும்."

"கங்கையம்மா இல்லைங்க அது. ஒரு தொடர்கதையின் நாயகி. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பேங்க் கிளார்க்கோடு போய்விடுவாள்."

"அதெல்லாம் எங்களுக்கு இன்னாத்துக்கு? பொட்டு பெருசா வெச்சி, கையில சூலம் குடுத்தாச்சி. படையலும் போட்டாச்சி. இனிமே அவ கங்கையம்மாதான்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலையே, திருவிழாவுக்குக் கிளம்புவது போல் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஓவியர் உட்காருவது மாலையில்தான் என்று சொல்லி அனுப்பினேன். மாலை வரை அவர் அந்த வேட்டியை மாற்றவில்லை.

மெட்ரோவில் போகும்போது என் திட்டத்தை விளக்கினேன். தலைப்புப் பக்கத்தை மட்டும் திறந்து நான் நீட்டுவேன். மீதிப் பக்கங்களை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஓவியர் கையெழுத்துப் போட்டதும் உடனே மூடிவிடுவேன். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

"சரி சார். நா இன்னாத்துக்கு வாயத் தொறக்கறேன்?" என்றவர், வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் எதிரில் இருந்த குடும்பத்துக்குப் படகின் படத்தை மொபைலில் காட்டி முடித்திருந்தார்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. எங்கள் முறை வந்தது. ஓவியர் நிமிர்ந்தார். "வாங்க தேதிக்காரரே" என்றார். நான் தலைப்புப் பக்கத்தை நீட்டினேன். அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அட, இதுவா! எங்கிட்டயே இல்லீங்களே இது!"

இதை நான் யோசிக்கவில்லை. தன்னிடமே இல்லாத தன் முதல் புத்தகத்தைக் கண்டவர் தலைப்புப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வாரா? என் விரல்களிலிருந்து புத்தகத்தை வாங்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்களை மறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புரட்டும் ஓசை நின்றது.

"இது என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் முன்னே வந்துவிட்டார்.

"நாந்தான் சார். சாரு மேல தப்பு இல்ல. எங்க படகுக்கு வரையறதுக்குக் கட்டம் போட்டது. இதோ பாரு சார்." மொபைலை ஓவியரின் மூக்குக்கு அருகே நீட்டினார்.

ஓவியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மொபைலைக் கையில் வாங்கினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சள் படகின் முகப்பில், அவர் வரைந்த அதே கண்களோடு, பெரிய பொட்டும் சூலமுமாகக் கங்கையம்மா நின்றிருந்தாள். பேங்க் கிளார்க்கின் சுவடே இல்லை.

"கட்டம் சுத்தமா போட்டிருக்காரே உங்க பெயின்டர்" என்றார் ஓவியர். "நானும் பேனர் கம்பெனியில கட்டம் போட்டுத்தாங்க ஆரம்பிச்சேன். நாங்க பென்சில்ல போடுவோம்." என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மறுபடி மொபைலுக்குள் போனார். "மூக்குல மட்டும் ஒரு கட்டம் தவறிட்டாரு. லேசா கோணிடுச்சு."

"அது அல அடிச்சி கோணியிருக்கும் சார்."

"இந்தப் போட்டோ எடுத்தப்போ படகு தரையிலதானே நிக்குது?"

"தரையில நின்னாலும் எங்க ஊரு காத்து அப்படி சார்."

ஓவியர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை வருஷ வரிசையில் நான் அவரைச் சிரிக்க வைத்ததில்லை. அவர்தான் என்னை வைத்துச் சிரித்திருக்கிறார்.

"ஒண்ணு சொல்லவாங்க? இவ கதையில ஓடிப்போனவ" என்றார்.

"சாரு சொன்னாரு. அதான் படகு இந்த ஓட்டம் ஓடுது!"

வரிசையில் இருந்தவர்களும் மொபைலை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஓவியர் பேனாவைத் திறந்தார். தலைப்புப் பக்கத்துக்குப் போகவில்லை. கட்டம் போட்ட பக்கத்திலேயே, வானம் மட்டும் இருந்த ஒரு வெற்றுக் கட்டத்துக்குள், கோட்டைத் தாண்டாமல் கையெழுத்துப் போட்டார். அப்புறம் நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"படகை எப்போங்க தண்ணியில இறக்கினீங்க?"

அவராகவே தேதி கேட்கிறார்! பேனா முனை கையெழுத்துக்குக் கீழே காத்திருக்கிறது. தேதியை மட்டும் இந்த மனிதர் சரியாகச் சொல்லிவிட்டால்!

"அமாவாசைக்கு மறுநாளு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எந்த அமாவாசை? எந்த மாசம்?" என்றேன் நான், அவசரமாக.

"அதுவா... மழைக்கு முன்னால. இல்ல, நம்ம பெரியவனுக்கு ஜுரம் வந்துச்சே, அதுக்குப் பின்னால. வூட்டுல கேட்டா சொல்லுவா. இரு சார், போன் போட்றேன்."

"அதெல்லாம் வேணாங்க" என்றார் ஓவியர். என்னைக் குறும்பாகப் பார்த்துக்கொண்டே, தன் கையெழுத்துக்குக் கீழே நிதானமாக, அழகான எழுத்தில் எழுதினார்: அமாவாசைக்கு மறுநாள்.

"போதுங்களா தேதிக்காரரே?"

போதும் என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அதோடு விடவில்லை. கோவைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் வந்து கங்கையம்மாவை நேரில் பார்க்க வேண்டும், மூக்கையும் சரிசெய்துவிட்டுப் போக வேண்டும் என்று அழைத்தார். ஓவியர் மூக்கு அப்படியே இருக்கட்டும் என்றார். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். கட்டத்தைப் பார்த்தாள், கையெழுத்தைப் படித்தாள், புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னாங்க, கேட்டது கெடச்சிச்சா?"

"கிடைத்தது."

"எந்த அமாவாச?"

அன்றிரவே பக்கத்து வீட்டில் விசாரித்துப் பார்த்தேன். கணவர் ஐப்பசி என்றார், மனைவி கார்த்திகை என்றார். படகு இறக்கிய அன்று பூசணிக்காய் உடைத்தவரும் அங்கே இருந்தார்; அவர் புரட்டாசி என்று அடித்துச் சொன்னார். மூவரும் அந்த வாதத்தில் இருக்கும்போதே நான் எழுந்து வந்துவிட்டேன். வந்து முதல் தொகுதியைத் திறந்து, பென்சிலைச் சீவி, கையெழுத்துக்குக் கீழே கொண்டுபோனேன். அங்கே ஏற்கெனவே தேதி இருந்தது. அவர் கையால் போட்டது. அதன் கீழே இன்னொரு தேதி எழுத எனக்கு என்ன உரிமை? பென்சிலை வைத்துவிட்டேன்.

இப்போது எட்டும் அலமாரியில் இருக்கின்றன. ஏழில் தேதி என்னுடையது, ஒன்றில்தான் அவருடையது. அதை எடுத்துப் பார்க்க நாள் பார்ப்பதை என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அமாவாசைக்கு மறுநாள் காலையில் நான் அலமாரிப் பக்கம் போனால், அடுக்களையிலிருந்தே பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பாள்:

"கேட்டியாம்மா? இன்னிக்கு உங்க படகுக்குப் பொறந்த நாளு. சாரு புக்க எடுத்துட்டாரு!"